லைசென்ஸ் பெற்ற கல்யாணப் பத்திரிகை

சிவகாசி,
1962 ஏப்ரல்.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய சம்பந்தி, மல்லாங்கிணறு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செல்வநாயகம் அவர்களுக்கு, சிவகாசியிலிருந்து மாணிக்கராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி தேவமணியும் மகள் ஜெயசீலியும் ஆண்டவர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தங்களிடமிருந்து அந்தக் கட்டு வந்து சேர்ந்தபின் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் தங்கள் அக்கா அவர்களும் மாப்பிள்ளை ஜேசுதாசனும் எந்தக் குறையுமின்றி இருக்க ஜெபிக்கிறோம். சம்பந்தி என்று எழுதியதைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். இனியும் அப்படி அழைக்கலாமா கூடாதா என்பது தங்கள் பதிலைப் பொறுத்தது. வேறு எப்படி அழைப்பது என்று தெரியாததால் பழைய சொல்லையே போட்டிருக்கிறேன்.

நாங்கள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகளைத் தாங்கள் விருதுநகர் பஸ்ஸில் திருப்பி அனுப்பியது கிடைத்தது. கண்டக்டர் கட்டை இறக்கிக் கொடுக்கும்போது, “சாமான் திரும்பி வாரதப் பாத்திருக்கேன், கல்யாணப் பத்திரிகை திரும்பி வாரத இப்பத்தான் பாக்கேன் அண்ணாச்சி” என்று பஸ் நிலையமே கேட்கும்படி சொன்னார். உள்ளே தங்கள் சீட்டும் இருந்தது. மணமகள் பெயருக்கு மேலே அச்சாகியிருந்த வாசகத்தைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ‘மேற்படி வாசகத்தின் பொருள் விளங்கும்வரை மே மாதத் திருமணத்தை ஒத்திவைப்பது உசிதம் என்று என் தமக்கையார் கருதுகிறார், நானும் மறுப்பதற்கில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அந்த வாசகத்தின் பொருளை விளக்கத்தான் இந்தக் கடிதம். அது எங்கள் வாசகம் அன்று. அது மத்தாப்புப் பெட்டியின் வாசகம்.

நான் வேலை பார்க்கும் அச்சகம் எங்கள் முதலாளி பெத்தணன் அவர்களுடைய பட்டாசுக் கம்பெனிக்குச் சொந்தமானது என்பது தாங்கள் அறிந்ததே. கம்பெனிக்கு வேண்டிய லேபிள்களை அடிப்பது எங்கள் முதல் வேலை. லேபிள் வேலை குறைந்த மாதங்களில் வெளியார் நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் அடித்துக் கொடுப்போம். எழுத்து கோப்பவர் சங்கிலிமுத்து. பிழை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். போன தீபாவளி சீசனில் ஒரு லோடு புஸ்வாணம் வடக்கே போக வேண்டியது, ரயில் நிலையத்திலேயே நின்றுவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் வாசகம் இல்லாத பெட்டியை ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். புது லேபிள் அது. அவசரத்தில் கோத்தது. சங்கிலிமுத்து வாசகத்தைச் சேர்க்க மறந்தார், நான் பார்க்க மறந்தேன். தீபாவளி வந்து போயிற்று, புஸ்வாணம் எங்கேயும் போகவில்லை.

முதலாளி அச்சகத்துக்கு வந்தார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிதானமாகப் பேசினார்.

“மாணிக்கராசு, மனுசன் ஞாபகத்த நம்பி இனிமே நான் கம்பெனி நடத்த முடியாது. ஒரு நாளைக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாளைக்கு வீட்டுல சண்ட போட்டுட்டு வருவீக, மறந்துரும். மறந்தாலும் விழுற மாதிரி ஒரு வழி பண்ணுங்க.”

வழியையும் அவரே சொன்னார். எழுத்துகளைக் கோத்து முடுக்கி இயந்திரத்தில் ஏற்றுவதற்கு இரும்புச் சட்டங்கள் வைத்திருக்கிறோம். வெறும் சட்டத்தில்தான் எந்தப் புது வேலையும் தொடங்கும். அந்த வெறும் சட்டம் ஒவ்வொன்றின் தலையிலும் லைசென்ஸ் வாசகத்தை முன்கூட்டியே கோத்து இறுக்கி வைத்துவிட வேண்டும். பிறகு கீழே என்ன கோத்தாலும் மேலே அந்த வாசகம் தானாகவே விழும். யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்கும்போது அருமையான யோசனையாகத்தான் இருந்தது. சங்கிலிமுத்து மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

“எல்லாச் சட்டத்துலயுமா மொதலாளி?”

“எல்லாத்துலயும்.”

“எல்லாத்துலயும்னா, வெளி வேலைக்கு...”

“ஏலே, எல்லாத்துலயும்னா எல்லாத்துலயும்தாம்லே. அதுல இதுலன்னு பிரிச்சா மறுபடி ஞாபகம் வச்சுக்கிடணும்லா?”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அன்று முதல் எங்கள் அச்சகத்தில் எல்லாச் சட்டத்திலும் இந்த வாசகம் குடியேறியது: ‘சர்க்கார் லைசென்ஸ் பெற்றது. உள்ளிருப்பது அபாயகரமானது. தீயருகே வைக்கக் கூடாது. சிறுவர்கள் பெரியவர் முன்னிலையில் மட்டுமே கையாளவும். திறந்தபின் திரும்பப் பெறப்படமாட்டாது. கம்பெனியை விட்டு வெளியேறியபின் நேரும் எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல.’

அதன்பின் ஒரு லோடுகூட நிற்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நின்றதெல்லாம் வேறு காரியங்கள். முதலில் எங்கள் சபையின் அசன விருந்து நோட்டீஸ். ஊர் முழுக்கக் கொடுத்த பிறகுதான் ‘உள்ளிருப்பது அபாயகரமானது’ என்பதைப் போதகர் கவனித்தார். கறிக்குழம்பில் என்ன கோளாறு என்று விசாரித்துவிட்டுத்தான் பாதிப்பேர் இலையில் உட்கார்ந்தார்கள். மீதிப்பேர் வரவேயில்லை. அடுத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தம் தகப்பனாருக்கு முதலாண்டு நினைவு அட்டை அடிக்கக் கொடுத்தார். படத்துக்கு மேலே ‘திறந்தபின் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்றிருந்தது. அவர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்னை இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். பிறகு பிப்ரவரியில் தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளருடைய துண்டுப் பிரசுரத்தில் அவர் படத்துக்கு மேலேயே முழு வாசகமும் விழுந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் அச்சகத்துக்கே வந்து, அதில் இன்னும் ஒரு கட்டு கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் முதலாளியிடம் போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும், “லோடு நின்னுச்சா?” என்று மட்டும் கேட்பார். “நிக்கல மொதலாளி” என்பேன். “பெறகென்ன, போய் வேலையப் பாருங்க” என்பார். இப்படியே கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. மனிதன் ஒன்றைத் தடுக்க முடியாவிட்டால் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். வருகிற தாள், போகிற தாள் எல்லாவற்றிலும் அந்த வாசகமே இருப்பதால் நாளடைவில் என் கண் அதைத் தொடாமல் தாண்டிக் கீழே இறங்கப் பழகிவிட்டது. தாங்கள் பள்ளிக்கூடத்தில் தினமும் பார்த்த கரும்பலகைச் சட்டத்தின் நிறம் என்னவென்று கேட்டால் சொல்வீர்களா? அதுபோலத்தான்.

இந்த நிலையில்தான் நம் வீட்டுக் கல்யாணம் நிச்சயமானது. தாங்களே பத்திரிகை வாசகத்தை எழுதி, ஒற்று மிகும் இடம் மிகா இடம் எல்லாம் பார்த்து, திருத்தமாக அனுப்பினீர்கள். வேறு அச்சகத்தில் அடித்தால் முதலாளி மனம் புண்படும் என்று எங்கள் அச்சகத்திலேயே கொடுத்தேன். சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டு, “இதுல அந்த வாசகம் வரக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

“உருவினா கீழ உள்ள எழுத்தெல்லாம் தொளதொளன்னு ஆடும் அண்ணாச்சி. சட்டத்தத் தூக்கும்போதே பொலபொலன்னு கொட்டிரும். அப்படியே குப்புறக் கவுத்து வச்சிருதேன். எழுத்து விழாது.”

எழுத்து விழவில்லைதான். கவிழ்த்த எழுத்துகளின் அடிப்பாகம் மையை வாங்கிக்கொண்டு, பத்திரிகையின் தலையில் பட்டையாக ஒரு கறுப்புக்கோடு விழுந்தது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தேவமணி அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்து வந்திருந்தாள். கறுப்புக் கரையைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்த்தாள். “யாரு செத்துட்டாக?” என்றாள். நர்சு வேலையில் இருப்பதால் அழாமல்தான் கேட்டாள். கீழே மகள் பெயரை வாசித்த பிறகுதான் அழுதாள்.

மறுநாள் நானே நின்று, ஒரு சட்டத்திலிருந்து வாசகத்தை அடியோடு உருவச் செய்தேன். அந்த இடத்தில் மரத்துண்டுகளைச் செருகி ஒருவாறு இறுக்கினோம். மாதிரித்தாள் ஒன்று எடுத்துப் பார்த்தேன். வாசகம் இல்லை, கோடு இல்லை, பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த மாதிரித்தாளை எடுத்துக்கொண்டு போய் தேவமணியிடம் காட்டினேன். அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். இது நடந்தது சத்தியம்.

நான் வீட்டுக்குப் போன நேரத்தில் சங்கிலிமுத்து அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஆடியிருக்கிறது. இயந்திரத்தில் ஏற்றினால் பாதியில் எழுத்து கழன்று மகள் பெயரில் ஓட்டை விழும் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு நான் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஒங்க வீட்டுக் கல்யாணம் அண்ணாச்சி. அத ஓட்டச் சட்டத்துல போட்டு ஓட்ட மனசு கேக்குமா? இருக்கிறதுலயே நல்ல சட்டமாப் பாத்து, ஒரு எழுத்து ஆடாம அப்படியே மாத்தி முடுக்கினேன்.”

“நல்ல சட்டத்துல அந்த வாசகம் இருந்துச்சேப்பா.”

“அது எல்லாச் சட்டத்துலயும் உள்ளதுதான அண்ணாச்சி” என்றார்.

அவர் மேல் கோபிக்க எனக்குத் தெம்பில்லை. அவர் அன்பினால் செய்தார். அச்சாகி வந்த பத்திரிகையை நானும்தான் கட்டு கட்டும்முன் கையில் எடுத்துப் பார்த்தேன். ஜெயசீலி என்ற பெயரைத்தான் பார்த்தேன். ஒரு கொம்பு, ஒரு சுழி உடையாமல் பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்கு மேலே பார்க்கத் தோன்றவில்லை. எத்தனையோ பேர் வீட்டுப் பெண்களின் பெயர்களைப் பிழை பார்த்திருக்கிறேன். என் பெண்ணின் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கட்டைத் தங்களுக்கு அனுப்பிவிட்டேன். தங்கள் வீட்டில் உறவினர் கூடியிருந்த நேரத்தில் தாங்களே உரக்க வாசித்தீர்கள் என்றும், ‘உள்ளிருப்பது அபாயகரமானது’ என்ற இடத்தில் தங்கள் அக்கா அவர்கள், “பொண்ணு வீட்டுக்காரகளே இப்படி வெளிப்படையாச் சொல்றாகன்னா, சொல்லாம விட்டது எம்புட்டு இருக்குமோ” என்று கேட்டார்கள் என்றும் தங்கள் சீட்டிலிருந்து அறிந்தேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஜெயசீலி அபாயகரமானவள் அல்ல. அவள் சாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள்; இதுவரை ஒரு பிள்ளையைக் கை நீட்டி அடித்ததில்லை. வீட்டில் எதிர்த்துப் பேசமாட்டாள். ‘தீயருகே வைக்கக் கூடாது’ என்பதும் சரியல்ல. அடுப்பு வேலை எல்லாம் பழகியிருக்கிறாள். சர்க்கார் லைசென்ஸ் எதுவும் பெறவில்லை, ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ்தான் பெற்றிருக்கிறாள். மற்றபடி ‘திறந்தபின் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அது புஸ்வாணத்துக்கு எழுதியது. என் மகள் கல்யாணமாகிப் போன பிறகு எந்த நாளில், எந்த வேளையில் வந்து கதவைத் தட்டினாலும் நான் திறப்பேன். காரணம் கேட்கமாட்டேன். ‘கம்பெனியை விட்டு வெளியேறியபின் பொறுப்பல்ல’ என்பதும் அப்படித்தான். என் வீட்டை விட்டு அவள் வெளியேறிய பிறகு அவளுக்கு நேரும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நான் சாகிறவரை பொறுப்பு. இதை எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் எழுதிக் கொடுப்பேன். ஒரு தகப்பன் இப்படியெல்லாம் சம்பந்திக்கு எழுதுவது முறையா என்று தெரியவில்லை. அச்சில் இவ்வளவு வந்துவிட்ட பிறகு கையால் எழுதுவதில் என்ன இருக்கிறது.

தங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் பத்திரிகையை வாங்கி முழுதும் வாசித்தார்.

“எழுத்துப் பிழை எதாச்சும் இருக்கா?”

“இல்ல மொதலாளி.”

“லைசென்சு வாசகமும் சரியாத்தான இருக்கு?”

“சரியா இருக்கிறதுதான் கஷ்டம் மொதலாளி. மாப்பிள்ள வீட்டுல கல்யாணத்தத் தள்ளி வைக்கணும்னு சொல்லுதாக. கோயில்ல சபைக்கு முன்னால கல்யாண ஓலை ரெண்டு தடவ கூறியாச்சு. இனிமே நின்னா ஜெயசீலி பள்ளிக்கூடத்துக்கே போக முடியாது.”

அவர் லோடு நின்றதா என்று கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, “நான் மல்லாங்கிணறுக்கே வாரேன். அசல் லைசென்சக் கையோட எடுத்துட்டு வாரேன். அந்த அக்காகிட்ட நேர்லயே காட்டி, இந்தா பாருங்கம்மா, இது எங்க கம்பெனிக்குக் குடுத்தது, பிள்ளைக்குக் குடுத்ததில்லன்னு சொல்லுதேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, அலமாரியைத் திறந்து உறையிலிருந்து லைசென்சை எடுத்தேவிட்டார். நான் கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். அதையும் மீறி வெள்ளை வேட்டியும் கையில் உறையுமாக ஒருவர் வந்து நின்றால் தாங்கள் தயவுசெய்து அவரை உட்காரவைத்து ஒரு காப்பி கொடுக்க வேண்டும். நல்ல மனிதர்.

கடைசியில் அவரே ஒரு சட்டத்துக்கு விலக்குக் கொடுத்தார். அதன் தலையில் வாசகத்துக்குப் பதிலாக அளவெடுத்த இரும்புத்துண்டை ஆடாமல் இறுக்கி, சிவப்பு வர்ணம் அடித்து, வெளி வேலைக்கு அதுதான் என்று வைத்தாயிற்று. அதில் பத்திரிகையை மறுபடி கோத்து, நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விழுந்த தாள் ஒவ்வொன்றையும் தலையிலிருந்து வாசித்தேன். ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று தொடங்குகிறது, தங்கள் பெயரோடு முடிகிறது, நடுவில் அபாயம் ஒன்றுமில்லை. அந்தப் புதிய கட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழையவற்றை எரித்துவிடுவதாக உத்தேசம். தாங்களும் தங்கள் அக்கா அவர்களும் பெரிய மனதோடு இதை ஒரு அச்சுப்பிழையாக மட்டும் எண்ணி, குறித்த நாளிலேயே கல்யாணம் நடக்க இசைவு தர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இருக்கிறது ஒரே மகள். அவளுக்காக இன்னும் ஒரு தடவை வேண்டுமானாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்குவேன், ஆனால் உண்மையில் களைத்துவிட்டேன்.

தங்கள் வீட்டில் அடுப்பெரிகிற நாளெல்லாம் சமாதானமும் நிறைவும் தங்கியிருக்க ஆண்டவர் அருள்வாராக. தங்கள் வீட்டம்மாவுக்கு தேவமணி தோத்திரம் சொல்லச் சொன்னாள். தங்கள் அக்கா அவர்களுக்குத் தனியாக ஒரு தோத்திரம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி என்று இன்னும் நம்பியிருக்கும்,
மாணிக்கராஜ்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் சமயத்தில் மாப்பிள்ளை ஜேசுதாசன் விருதுநகரிலிருந்து நேரே இங்கே வந்துவிட்டார். தாங்கள் கட்டைத் திருப்பி அனுப்புமுன்பே அதிலிருந்து ஒரு கொத்தை உருவிக்கொண்டு போய், விருதுநகரில் தாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டாராம். வாங்கியவர்கள் எல்லாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். வாங்காதவர்கள் வீடு தேடி வந்து கேட்கிறார்களாம். “புதுசு அடிச்சா பழசு தப்புன்னு ஆயிரும் மாமா. இப்ப வேணும்னே தமாஷாப் போட்டதுன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டு இருக்காக” என்றார். நான் மேலே எழுதியதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஜெயசீலி அபாயகரமானவள் அல்ல, அவள் சாது’ என்ற இடத்தில் ஜெயசீலி உள்ளேயிருந்து வந்து, “அத எதுக்குப்பா அடிச்சிச் சொல்லுதீக? உள்ளதத்தான போட்டிருக்கு” என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். அவளும் சிரித்தாள். கல்யாணம் செய்துகொள்கிற இருவருக்குமே அந்த வாசகம் பிடித்துவிட்டது. ஆகையால் மேலே கண்ட விளக்கம் எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். இத்துடன் வருவது புதிய கட்டு அன்று, தாங்கள் திருப்பியனுப்பிய பழைய கட்டேதான். அதைத் தங்கள் பக்கத்து உறவினருக்குக் கொடுத்துவிடவும். போதாவிட்டால் எழுதவும், அந்த வாசகத்தோடேயே அடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை இங்கே மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போனார். தாம் வந்த விஷயம் அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே தாங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.